வேட்டைப் படச்சுருள்களை எரித்துவிடாதீர்கள்

பழைய ஜமீன், சமஸ்தானக் குடும்பத்தாருக்கும், மலைத்தோட்டங்களில் இருந்தவர்களின் வாரிசுகளுக்கும், பழைய கிளப்புகளின் செயலாளர்களுக்கும், புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தாருக்கும்,

வணக்கம்.

உங்களில் சிலருடைய வீட்டுப் பரணில், அல்லது கிளப்பில் யாரும் திறக்காத அலமாரியில், வட்டமான தகர டப்பாக்கள் கிடக்கின்றன. மஞ்சள் நிறக் கோடக் அட்டைப் பெட்டியாகவும் இருக்கலாம். மேலே ஒட்டிய காகிதத்தில் ஓர் ஏரியின் பெயரோ, 'டக் ஷூட்' என்றோ, 'ஸ்னைப், கிறிஸ்துமஸ்' என்றோ மங்கலாக எழுதியிருக்கும். உங்கள் தாத்தாவோ, பெரியப்பாவோ, அந்தக் காலத்துத் துரையோ பறவை வேட்டைக்குப் போனபோது எடுத்த படம் அது. அதைத் தூக்கி எறியாதீர்கள், எரிக்காதீர்கள், காயலான் கடையில் போடாதீர்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் பறவை பார்க்கிறவன். துப்பாக்கியைத் தொட்டது கிடையாது, தொடவும் விருப்பமில்லை. பழைய சிறு சுருள் படங்களைத் தேடிப் போய், கிடைத்ததைச் சுத்தம் செய்து, ஸ்கேன் செய்யக் கொடுக்கும் வேலையையும் சில நண்பர்களோடு சேர்ந்து செய்து வருகிறேன். கல்யாணப் படம், கோயில் தேர், குழந்தை தவழ்வது என்றால் குடும்பத்தார் ஆசையாக எடுத்துத் தருகிறார்கள். வேட்டைப் படம் என்றதும் முகம் மாறிவிடுகிறது. "அதெல்லாம் தாத்தா காலத்து விஷயம், இப்ப எதுக்குங்க?" என்பார்கள். அப்புறம் காபி வரும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஒரு வீட்டில் எல்லாப் பெட்டிகளையும் கொடுத்தார்கள். வேட்டைச் சுருள்களை மட்டும் தனியாக எடுத்துத் தோட்டத்தில் வைத்துக் கொளுத்திவிட்டதாகப் பிறகு தெரிந்தது. ஒரு மலை ஊர்க் கிளப்பில் புரொஜக்டரையும் டப்பாக்களையும் சேர்த்துப் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். அதில் என்ன இருந்தது என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. பேத்தி பள்ளிக்கூடத்தில் பறவைகளைக் காப்போம் என்று ஓவியம் வரைகிறாள். அதே வீட்டுச் சுருளில் கொள்ளுத்தாத்தா செத்த வாத்துகளை வரிசையாக அடுக்கி, பக்கத்தில் பூட்ஸ் காலோடு நிற்கிறார். யாருக்குத்தான் அதை வெளியே காட்டப் பிடிக்கும்? ஆனால் அவர் காலத்து நியாயம் வேறு. இந்தியப் பறவையியலின் தலைமகனான சலீம் அலியே சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டவர். கழுத்தில் மஞ்சள் தீற்றல் இருந்த அந்தக் குருவி என்ன வகை என்று கேட்கப் போய்த்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலை மிதித்தார். நீலகிரியில் வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் பாதுகாப்புக் கேட்டு 1879-ல் சட்டம் வரக் காரணமானவர்களும் வேட்டைக்காரர்கள்தான். இதைச் சொல்லி எதையும் நியாயப்படுத்த வரவில்லை. உங்கள் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த யாரும் இந்தச் சுருள்களைத் தேடவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

சட்டத்தை நினைத்துப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். அது பாடம் செய்த தலை, தோல், தந்தம், கொம்பு போன்றவற்றை வைத்திருப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. படச்சுருள் அந்தக் கணக்கில் வராது. 1938-லோ 1958-லோ நடந்த வேட்டையின் படம் உங்கள் பீரோவில் இருப்பதற்காக வனத்துறை உங்கள் கதவைத் தட்டாது. சுவரில் மாட்டிய சிறுத்தைத் தலைக்கு உரிய காகிதம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு சுருளை அழித்துவிடாதீர்கள்.

சரி, செத்த வாத்துகளைப் படத்தில் பார்த்து என்ன ஆகப் போகிறது? பரத்பூரிலிருந்து தொடங்குகிறேன்.

ராஜஸ்தானின் கேவலாதேவ் சதுப்பு நிலம் இன்று தேசியப் பூங்கா, 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். முன்பு அது பரத்பூர் மகாராஜாவின் வாத்து வேட்டைக் களம். வைஸ்ராய்களும் இளவரசர்களும் வந்து சுடுவதற்காகவே மதகும் கரையும் கட்டித் தண்ணீர் தேக்கிய இடம். கோயிலுக்குப் பக்கத்தில் கல்வெட்டுகள் இன்னும் நிற்கின்றன. தேதி, வந்த பெரிய மனிதர், எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள் என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். 1902-ல் கர்சன் பிரபு வந்த வேட்டையில் 540 பறவைகள். 1938 நவம்பர் 12 அன்று லின்லித்கோ பிரபு வந்தபோது ஒரே நாளில் 4,273. அந்தக் கல்லின் முன்னால் நின்றால் யாருக்கும் வயிறு கலங்கும்.

ஆனால் அந்தக் கல் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த 4,273-ல் ஊசிவால் வாத்து எத்தனை, கிளுவை எத்தனை, நாமக்கோழி எத்தனை என்று அதில் இல்லை. தண்ணீர் எதுவரை நின்றது, கரையில் என்ன மரம், சுட்டதும் எழும்பிய கூட்டம் எவ்வளவு பெரியது, சுடப்படாமல் தப்பியவை எந்தப் பக்கம் பறந்தன, இதெல்லாம் கல்லில் வராது, படத்தில் வரும். அந்தக் காலத்தில் கேமராவோடு வேட்டைக்குப் போனவர்கள் பறவைக் கணக்கெடுப்புக்காகப் படம் எடுக்கவில்லை. தாங்கள் சுடுவதை எடுத்தார்கள். பின்னணியில் ஏரியும் பறவையும் தானாக வந்து விழுந்தன. இந்தியாவில் நீர்ப்பறவைகளை ஒழுங்காக எண்ணத் தொடங்கியது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். அதற்கு முந்தைய காலத்தின் அசையும் சாட்சியாக நமக்கு இருப்பது பெரும்பாலும் இந்த வேட்டைப் படங்கள்தான்.

பிக்கானீருக்குப் பக்கத்தில் கஜ்னேர் ஏரியில் காலையில் தண்ணீர் குடிக்க வரும் கல்கௌதாரிகளைச் சுட மகாராஜா கங்கா சிங் விருந்தினர்களை அழைப்பார். கானமயிலும் வரகுக்கோழியும் அந்தக் காலத்தில் வேட்டைப் பறவைகள்தான். கானமயில் ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட சமவெளிகளிலும் இருந்தது. இன்று நாடு முழுக்கச் சேர்த்தாலும் 200 கூடத் தேறாது, அதிலும் பெரும்பகுதி ஜெய்சல்மேர் பக்கம். தக்காண மேய்ச்சல் நிலத்தில் ஜீப்பிலிருந்து எடுத்த இருபது விநாடிப் படம், அதில் தூரத்தில் நடந்து போகும் ஒரு கானமயில்: அது உங்கள் வீட்டுச் சுருளில் இருக்கலாம். பீகாரின் சதுப்புகளில் சுடப்பட்டு வந்த இளஞ்சிவப்புத் தலை வாத்து 1935-க்குப் பிறகு இந்தியக் காடுகளில் உறுதியாகப் பார்க்கப்படவே இல்லை. தர்பங்கா பக்கமோ பூர்ணியா பக்கமோ வாத்து வேட்டைக்குப் போனவர்களின் குடும்பத்தில் ஒரு சுருள் மிஞ்சியிருந்தால் அதைப் பார்க்க நான் எவ்வளவு தூரமும் போவேன்.

இது வெறும் ஆசை இல்லை, வேறு இடத்தில் நடந்திருக்கிறது. மெக்சிகோவில் இம்பீரியல் மரங்கொத்தி என்று ஒரு பறவை இருந்தது. உலகத்திலேயே பெரிய மரங்கொத்தி. இன்று அது அழிந்துவிட்டது என்றே பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். 1956-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து போன வில்லியம் ரைன் என்ற பல் மருத்துவர், துராங்கோ மாநிலத்து மலைக்காட்டில் கோவேறு கழுதையின் மேல் உட்கார்ந்தபடி 16 மி.மீ. கேமராவில் அந்தப் பறவையைப் பிடித்தார். மொத்தம் 85 விநாடி. கேமரா ஆடுகிறது, பறவை சின்னதாகத் தெரிகிறது. படம் நன்றாக வரவில்லை என்று அவர் அதை வெளியிடாமலே வைத்துவிட்டார். நாற்பது வருடம் கழித்து, ஒரு பழைய கடிதத்தில் இருந்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு மார்ட்யான் லாமர்டிங்க் என்ற ஆய்வாளர் அந்தச் சுருளைக் கண்டுபிடித்தார். 2011-ல் அது உலகத்துக்கு வெளியானது. அந்தப் பறவை உயிரோடு இருந்ததற்கு நம்மிடம் உள்ள படச்சான்று அது ஒன்றுதான். அது மரத்தில் எப்படி ஏறியது, இறக்கையை எவ்வளவு வேகமாக அடித்தது என்பதையெல்லாம் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துக் கணக்கிட்டார்கள். படத்தில் தெரிந்த நில அமைப்பை வைத்து அது எடுக்கப்பட்ட இடத்துக்கே போய் நின்றார்கள்.

"எங்க படம் ஒண்ணும் சரியா இருக்காதுங்க, ஆடிக்கிட்டே இருக்கும்" என்று சொல்லும் ஒவ்வொருவரிடமும் இந்த 85 விநாடியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

எங்களிடம் வந்த ஒரு சுருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொங்குப் பக்கம் ஒரு குடும்பம் கொடுத்தது. 8 மி.மீ., மூன்று அங்குல விட்டமுள்ள சின்ன ரீல், 50 அடி. ஓட்டினால் நாலு நிமிடம். பெட்டியில் எழுத்து எதுவும் இல்லை. ஃபிலிமின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோடக் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒற்றை வட்டம். கோடக் நிறுவனம் ஃபிலிம் தயாரித்த வருடத்தை வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறியிட்டு வைக்கும். இருபது வருடத்துக்கு ஒரு முறை அதே குறி திரும்ப வரும். ஒற்றை வட்டம் என்றால் 1916, 1936, 1956 அல்லது 1976. 8 மி.மீ. ஃபிலிமே 1932-ல்தான் சந்தைக்கு வந்தது, ஆக 1916 இல்லை. குடும்பத்தார் நினைவில் இருக்கும் காலத்துக்கு 1976 மிகவும் பிந்தியது. மீதி இரண்டில் எது? படத்தின் நடுவில் ஏரிக்கரையில் ஓர் அம்பாசடர் நிற்கிறது. அம்பாசடர் வந்தது 1957-ல். விஷயம் முடிந்தது: 1956-ல் தயாரான ஃபிலிம், ஓரிரு வருடம் கழித்து எடுத்த படம்.

கறுப்பு வெள்ளை. பனைமரங்கள் வரிசையாக நிற்கும் கரை. தொப்பி போட்ட இரண்டு பேர், ஒருவர் கையில் இரட்டைக் குழல் துப்பாக்கி. சத்தம் கிடையாது என்பதால் துப்பாக்கி குலுங்குவதிலிருந்துதான் சுட்டது தெரிகிறது. உடனே ஏரி எழுந்திருக்கிறது. அப்படித்தான் சொல்ல வேண்டும். திரையின் இடது மூலையிலிருந்து வலது மூலை வரை பறவைதான், வானம் தெரியவில்லை. நீண்ட கழுத்தும் ஊசி போன்ற வாலும் இருப்பவை ஊசிவால் வாத்துகள். நடுவில் சின்ன உடம்போடு வெட்டி வெட்டிப் பறப்பவை கிளுவைகள். தண்ணீர்மேல் ஓடிக்கொண்டே எழும்ப முடியாமல் தவிப்பவை நாமக்கோழிகள். ஒரு ஃபிரேமை நிறுத்தி எண்ணத் தொடங்கினோம், எண்ணி முடிக்க முடியவில்லை. அந்த ஏரியின் ஒரு பாதி இன்று மனைப்பிரிவு. மறுபாதியில் சாக்கடைத் தண்ணீர் நிற்கிறது. குளிர்காலத்தில் போனால் நாலைந்து நாமக்கோழிகள் இருக்கும். அங்கே ஊசிவால் வாத்து வந்ததாக அந்த ஊரில் இப்போது இருப்பவர்களுக்கே தெரியாது. அந்த நாலு நிமிடச் சுருள் இல்லாவிட்டால் அந்த ஏரி எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நாங்களும் நம்பியிருப்போம்.

அதே சுருளில் ஒரு பையன் வருகிறான். பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். மார்பளவு தண்ணீரில் இறங்கி, விழுந்த வாத்துகளின் கழுத்தைப் பிடித்து இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு கரைக்கு வருகிறான். கேமராவைப் பார்த்ததும் நின்று சிரிக்கிறான். படத்தை அந்த வீட்டுப் பாட்டிக்குப் போட்டுக் காட்டியபோது துப்பாக்கி பிடித்தவரைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையனைப் பார்த்ததும், "அட, இது நம்ம தோட்டத்துல மாடு மேய்ச்சவரோட மகனாச்சே, குளிர்ல நடுங்கிக்கிட்டே வருவான், எங்கம்மா சுக்குத் தண்ணி வெச்சுக் குடுப்பாங்க" என்றார். வேட்டை ஆல்பங்களில் துரையின் பெயர் இருக்கும், துப்பாக்கியின் பெயர்கூட இருக்கும். தண்ணீரில் இறங்கியவனின் பெயர் இருக்காது. பரத்பூர் கல்வெட்டிலும் இல்லை. பறவையை விரட்டிக் கொடுத்தவர்கள், படகு தள்ளியவர்கள், சேற்றில் இறங்கிப் பொறுக்கியவர்கள் எல்லாரையும் படம் பிடித்து வைத்திருக்கிறது. யார் என்று சொல்ல வேண்டியவர்கள்தான் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால் சுருளைக் கொடுப்பதற்கு முன் வீட்டில் உள்ள மூத்தவர்களை உட்கார வைத்துப் பேச வையுங்கள், கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஊர் எது, ஏரி எது, யார் யார், எந்த வருடம். படத்தின் பாதி மதிப்பு அந்தப் பேச்சில் இருக்கிறது.

சென்னைக்குப் பக்கத்து ஏரிகளிலும் வயல்களிலும் உள்ளான் (ஸ்னைப்) சுடுவது வெள்ளைக்காரர்களுக்குப் பெரிய பொழுதுபோக்காக இருந்தது. வேடந்தாங்கல் ஊர் மக்கள் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமைக்கான சாசனம் வாங்கினார்கள். எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். சுட்டவர்களும் காத்தவர்களும் ஒரே ஏரியைச் சுற்றித்தான் இருந்தார்கள். இதில் ஒரு தரப்பின் கையில் மட்டும்தான் பின்னாளில் கேமரா இருந்தது. அவர்கள் எடுத்ததைக்கொண்டுதான் மற்றவர்களின் ஏரியையும் இன்று பார்க்க முடியும்.

சுருள் கையில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் விஷயம், பழைய புரொஜக்டர் இருக்கிறதே என்று அதில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். ஃபிலிம் வருடக்கணக்கில் சுருங்கியிருக்கும். ஓரத் துளைகளின் இடைவெளி மாறியிருக்கும். புரொஜக்டரின் பல் அந்தத் துளைகளைக் கிழித்துக்கொண்டே போகும், விளக்குச் சூட்டில் ஃபிலிம் பொசுங்கவும் பொசுங்கும். அறுபது வருடம் தாங்கியது ஒரே இரவில் போய்விடும். என்ன படம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் சுத்தமான கையால் ஓரத்தைப் பிடித்து, ஓரிரு அடியை மெதுவாக வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், போதும்.

டப்பாவைத் திறந்ததும் ஊறுகாய் வினிகர் வாடை அடித்தால் அந்த அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியே வரும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். பக்கத்து டப்பாக்களுக்கும் பரவும். நம் ஊர் வெயிலும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட சுருளைத் தனியாகப் பிரித்து, காற்றோட்டமாக வையுங்கள். காற்றுப் போகாமல் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் அமிலம் உள்ளேயே தங்கிவிடும். வாடை வருகிறதே என்று தூக்கிப் போடவும் வேண்டாம். முறுக்கிக்கொண்ட ஃபிலிமைக்கூட ஓரத் துளைகளைப் பல்லால் இழுக்காமல் உருளைகளின்மேல் நகர்த்தி ஸ்கேன் செய்யும் கருவிகள் இருக்கின்றன. வாடை வந்த சுருள்தான் முதலில் போக வேண்டிய சுருள். பரண் வேண்டாம், சமையலறைப் பக்கம் வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான, உலர்ந்த ஓர் உள் அறையில் வையுங்கள். துருப்பிடித்த டப்பாவை மாற்றலாம், ஆனால் அதன் மேல் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளாமல் எறியாதீர்கள்.

35 மி.மீ. அகலச் சுருள் கிடைத்தால் எச்சரிக்கை. 1950களின் தொடக்கம் வரை அந்த அளவு ஃபிலிம் நைட்ரேட் என்ற எளிதில் தீப்பிடிக்கும் பொருளிலும் வந்தது. சமஸ்தானங்கள் ஆள் வைத்து எடுத்த வேட்டைப் படங்கள் அப்படி இருக்கலாம். நைட்ரேட் பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது, தண்ணீருக்குள்ளும் எரியும். 2003-ல் புனேயில் காப்பகத்தின் பழைய நைட்ரேட் சுருள்கள் எரிந்து போனதை அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கூரியரில் அனுப்பாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், விஷயம் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். 16 மி.மீ., 8 மி.மீ. வீட்டுப் படங்களில் இந்த அபாயம் இல்லை. அவை தொடக்கத்திலிருந்தே பாதுகாப்பு ஃபிலிம்தான்.

ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சுவரில் படம் ஓட்டிக் கேமராவில் பிடித்துத் தரும் கடைகள் இருக்கின்றன, அது வேண்டாம். ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக, ஓரத்துக் குறிகளும் தெரியும்படி ஸ்கேன் செய்து தரச் சொல்லுங்கள். பழைய அமெச்சூர் படங்கள் பெரும்பாலும் விநாடிக்கு 16 ஃபிரேம் வேகத்தில் எடுத்தவை. அதை 24-ல் ஓட்டினால் மனிதர்கள் துள்ளித் துள்ளி நடப்பது மட்டுமல்ல, பறவையின் இறக்கையடிப்பும் பொய்யாகிவிடும். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று மூலச் சுருளை எறிந்துவிடவும் கூடாது. ஹார்ட் டிஸ்க் பத்து வருடத்தில் போய்விடும். கோடக்குரோம் வண்ணச் சுருளை இருட்டில், குளிர்ச்சியில் ஒழுங்காக வைத்தால் இன்னும் பல தலைமுறைக்கு நிறம் மாறாமல் இருக்கும்.

இனி காப்பகத்தாருக்கு.

1964-ல் நீங்கள் தொடங்கியதிலிருந்து செய்திருக்கும் பணியின் அருமை எங்களுக்குத் தெரியும். தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸின் ஒரு பிரதிகூட மிஞ்சாத நாடு இது. நீங்கள் இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவு போயிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் உங்கள் கவனம் பெரும்பாலும் திரையரங்குக்கு வந்த படங்களின் மேல்தான். தேசியத் திரைப்பட மரபு இயக்கத்துக்கு 597 கோடி ரூபாய் ஒதுக்கியபோது, அதில் ஒரு சிறு பங்கு வீட்டுப் படங்களுக்கும் வரும் என்று எங்களைப் போன்றவர்கள் எதிர்பார்த்தோம். இன்றும் ஒரு குடும்பம் கையில் 8 மி.மீ. சுருளோடு வந்தால் அவர்களை எங்கே அனுப்புவது என்று எங்களிடம் தெளிவான பதில் இல்லை.

அதே நேரத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம், இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் ராணுவக்காரர்களும் தோட்டத் துரைகளும் எடுத்த நூற்றுக்கணக்கான வீட்டுப் படங்களைச் சேர்த்து, இணையத்தில் எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் 2017-ல் 1899 முதல் 1947 வரை இந்தியாவில் எடுக்கப்பட்ட படங்களின் தொகுப்பை வெளியிட்டது. போகும்போது அவர்கள் எடுத்துக்கொண்டு போன படங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. இங்கேயே இருந்த நம் குடும்பங்கள் எடுத்த படங்கள் பரணில் புளித்துக்கொண்டிருக்கின்றன. நம் ஏரிகளை நாமே எடுத்த படத்தில் பார்க்க வழியில்லாமல், லண்டன் இணையதளத்தில் தேட வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் மட்டுமல்ல, கோபமும் உண்டு.

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சிறு சுருள் வீட்டுப் படங்களையும் ஏற்கிறோம் என்று எழுத்தில் அறிவியுங்கள். சுருளின் உரிமை குடும்பத்துக்கே, அவர்களுக்கு ஒரு டிஜிட்டல் பிரதி இலவசம், பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம் என்று ஒரு பக்க ஒப்பந்தம் தயார் செய்யுங்கள். வேட்டைப் படம் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். வருடத்துக்கு ஒரு முறையாவது சென்னை, கோவை, உதகை, மதுரை போன்ற ஊர்களுக்கு ஆளும் கருவியும் அனுப்பி, சுருள்களைப் பார்த்து நிலைமை சொல்லும் ஒரு நாளை நடத்துங்கள். உலகத்தின் பல ஊர்களில் இருபது வருடத்துக்கும் மேலாக வீட்டுப் பட நாள் என்று இதைச் செய்துவருகிறார்கள். மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் 2017-ல் சென்னையில் நடத்திய பாதுகாப்புப் பயிலரங்கில் கற்றவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். அவர்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பட்டியல் எழுதும்போது 'சிகார் (வேட்டை), சிறு சுருள், கறுப்பு வெள்ளை' என்று மூன்று வார்த்தையோடு முடித்துவிடாதீர்கள். ஏரியின் பெயர், மாவட்டம், மாதம், என்னென்ன பறவைகள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். பறவைகளை இனம் கண்டு சொல்ல ஆள் வேண்டுமானால் எங்கள் ஊர் ஒவ்வொன்றிலும் பறவைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு பைசா வாங்காமல் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்து கொடுப்போம். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: பார்ப்பவர் மனம் புண்படும் என்று செத்த பறவைக் குவியலை வெட்டி எடுத்துவிட்டு அழகான ஏரிக் காட்சியை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். முன்னால் ஓர் எச்சரிக்கை போடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள், அது சரி. ஆனால் வரிசையாக அடுக்கிய அந்தக் குவியலில்தான் ஒவ்வொரு பறவையும் அசையாமல், கிட்டத்தில், எண்ணக்கூடியபடி கிடக்கிறது. பறக்கும் கூட்டத்தில் அடையாளம் காண முடியாத பறவையைக் குவியலில் கண்டுபிடித்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

என்னைப் போன்ற பறவை ஆர்வலர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் படங்களைப் பார்க்கும்போது கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்தைப் படம் கொடுத்த குடும்பத்தின்மேல் காட்டாதீர்கள். ஒரு வீட்டுப் படத்தை யாராவது பொதுவில் போட்டதும் கீழே வந்து கொலைகாரக் குடும்பம் என்று திட்டினால், அடுத்த பத்துக் குடும்பங்கள் பெட்டியைப் பூட்டிவிடும், அல்லது தீ வைத்துவிடும். பேச வேண்டியது ஏரியைப் பற்றி.

குடும்பத்தாரே, இந்த வாரக் கடைசியில் ஏணி போட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை இருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்து, எத்தனை சுருள், என்ன அகலம், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து, டப்பாவையும் தாளையும் படம் எடுத்துப் புனேக்கு அனுப்புங்கள். அங்கே கதவு திறக்கும் வரை உங்கள் ஊர்ப் பறவைக்காரர்களிடம் கேளுங்கள். சுருளை எங்கே ஸ்கேன் செய்யலாம் என்று விசாரித்துச் சொல்வார்கள், மூத்தவர்களின் பேச்சைப் பதிவு செய்யக் கூடவே வந்து உட்காரவும் செய்வார்கள். வேட்டைப் படம் என்று தயங்காமல் சொல்லுங்கள். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
ஏரிகளைத் தேடி அலையும் ஒரு பறவை ஆர்வலன்